முந்நூற்றெட்டை மாற்றப் போன கதை

2019 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜில் இருந்த மர மேசைமேல் இரண்டு தோட்டாக்களை நிமிர்த்தி வைத்தார். ஒன்று ஒல்லியாக, உயரமாக, மேலே போகப்போகத் தோள் சரிந்து கழுத்து சிறுத்திருந்தது. மற்றது குட்டை. அடியிலிருந்து வாய்வரை ஏறக்குறைய ஒரே பருமன். என் கையில் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து, இரண்டையும் கவிழ்த்து அடி விளிம்பை அளக்கச் சொன்னார்.

இரண்டும் 0.473 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் 12 வரும்.

“பார்த்தாயா? அடி ஒன்றேதான். அப்படியானால் குழலை மட்டும் மாற்றினால் போதும், இல்லையா?” என்றார்.

ஒல்லியானது .308 வின்செஸ்டர். குட்டையானது .450 புஷ்மாஸ்டர். அவருடைய கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க எங்களுக்கு நவம்பர் ஆகிவிட்டது.

பெரியவர் டெட்ராய்ட்டில் ஒரு கார் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பட்டறையில் நாற்பது வருடம் இருந்தவர். நான் எஞ்சின் வடிவமைப்பில் வேலை பார்ப்பவன். மிச்சிகனுக்கு நான் வந்த புதிதில், அடுத்த வீட்டில் லேத் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு வேலியோரம் நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து பழக்கம். வேட்டையும் அவரிடம்தான் கற்றேன். இங்கே இருக்கும் நம்மவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தும் நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். அதுவரை வெறுங்கையோடு அவர் பின்னால் நடந்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மான் எங்கே படுத்து எழுந்திருக்கிறது என்பதையெல்லாம் அந்த வருடங்களில்தான் படித்தேன்.

அவருடைய துப்பாக்கி அரைத் தானியங்கி. ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும்; சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். அவருடைய அப்பா வாங்கியது. மரக்கட்டையில் கன்னம் படும் இடம் மட்டும் மெருகு போய் வெளுத்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நவம்பரும் வடக்கே, மேல் தீபகற்பத்துக் காடுகளுக்குப் போனவர். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. அத்தனை மணி நேரம் கார் ஓட்ட முடியாது. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் நண்பரின் சோள வயலில், மறைப்புக் கூண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேட்டையாட ஆசைப்பட்டார்.

அங்கேதான் சிக்கல். மிச்சிகனின் தென்பகுதியில் ஊர்கள் நெருக்கம், நிலம் சமதளம். வெகுதூரம் பாயும் ரைபிள் குண்டுகள் வேண்டாம் என்று வெகுகாலமாக அங்கே மானுக்கு ஷாட்கன், முன்வாய் ஏற்றும் துப்பாக்கி, சில கைத்துப்பாக்கிகள் என்றுதான் அனுமதி இருந்தது. 2014-ல் விதியைத் தளர்த்தினார்கள். .35 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம், நேர்ச்சுவர்க் கூடு, கூட்டின் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையாமல் 1.80 அங்குலத்துக்கு மிகாமல் இருக்கும் தோட்டா என்றால் ரைபிளும் ஆகலாம் என்று. .450 புஷ்மாஸ்டரின் கூடு 1.70 அங்குலம், சுவர் நேர். விதிக்குள் வந்துவிடுகிறது. .308 கழுத்து சிறுத்தது, வராது. அதனால்தான் மேசைமேல் அந்த இரண்டு தோட்டாக்கள்.

அவர் விதியைப் படித்துக் காட்டியபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். தாத்தாவிடம் ஒரு .315 ரைபிள் இருந்தது, லைசென்ஸோடு. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நான் பார்த்த காலத்தில் அது சுட்டதே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு சுடுவதற்கு என்ன இருக்கிறது? வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் போட்டுத் துடைப்பார். தேர்தல் அறிவித்துவிட்டால் அதைக் கோணியில் சுற்றி சைக்கிளில் கட்டி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:

“தாத்தா, இவுங்களுது த்ரீ நாட் த்ரீன்னு சொல்றாங்களே. நீங்க ஏன் அத வாங்கல?”

“அது சர்க்காரு தோட்டாடா. நம்ம கையில இருக்கப்படாது. அதுக்குத்தான் நமக்குன்னு த்ரீ ஃபிப்டீன்.”

எவ்வளவு பெரிய வரலாற்றை அவர் ஒரே வரியில் சொன்னார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. பட்டாளத்திடமும் போலீசிடமும் இருக்கும் தோட்டா குடிமக்கள் கையில் புழங்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் ஏற்பாடு. .303 பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா. ஆகவே அது தடை. அதற்குப் பதிலாக வேட்டைத் துப்பாக்கிகளுக்கு .315 வந்தது. அந்தத் தோட்டா புதிதாகப் பிறந்ததும் இல்லை. ஆஸ்திரியாவின் மான்லிகர் ராணுவத் துப்பாக்கி சுட்ட 8 மி.மீ. தோட்டாவின் அளவுதான். வேறொரு நாட்டுப் பட்டாளத்தின் தோட்டா, இந்தியாவில் பட்டாளத்திடம் இல்லை என்கிற ஒரே காரணத்தால் தோட்டக்காரர்களின் தோட்டாவாகிவிட்டது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தத் தடை நீடித்ததால் .315-உம் நீடித்தது.

வேறு நாடுகளிலும் இதே கதைதான். ஜெர்மனியின் ராணுவத் தோட்டா 57 மி.மீ. நீளக் கூடு உள்ள 8 மி.மீ. மௌசர். முதல் உலகப் போருக்குப் பிறகு, ராணுவத் தோட்டா என்பதால் அது சங்கடமானபோது, அறையை 3 மி.மீ. ஆழமாகக் குடைந்து 60 மி.மீ. கூட்டுக்கு மாற்றினார்கள். அதே துப்பாக்கி, அதே குழல், பெயர் மட்டும் வேறு. தோட்டா மாற்றத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியானது. வேட்டைக்காரனுக்குப் புதுத் தோட்டாமேல் ஆசை வந்து நடந்த மாற்றங்களைவிட, ஒரு சட்டமோ ஒரு கிடங்கோ சொன்னதால் நடந்தவைதான் பெரியவை. முடிவெடுக்கிறவர்கள் காகிதத்தில் எடுத்துவிடுகிறார்கள். அதைத் தாங்க வேண்டியது இரும்பு.

கிடங்கு என்று சொன்னதற்கு ஜான் கேரண்டின் கதை ஒன்று போதும். கனடாவின் க்யூபெக்கில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி என்கிற அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் செய்துகொண்டிருந்த அரைத் தானியங்கி ரைபிள், .276 பெடர்சன் என்கிற சற்றுச் சிறிய தோட்டாவுக்காகப் பக்குவப்பட்டு வந்தது. தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாக ஏற்றும் கிளிப்பில் 10 தோட்டா பிடிக்கும். 1932-ல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்கார்தர் அதை ஏற்கவில்லை. கிடங்குகளில் .30 தோட்டா மலைபோல் குவிந்திருந்தது. கேரண்ட் தன் துப்பாக்கியைப் பெரிய தோட்டாவுக்கு மாற்றினார். கிளிப்பில் 8 தான் பிடித்தது. 1936-ல் ராணுவம் ஏற்றது அந்த வடிவத்தைத்தான். உலகம் கொண்டாடும் எம்1 கேரண்டே ஒரு விதத்தில் தோட்டா மாற்றப்பட்ட துப்பாக்கி.

மாற்றம் அதோடு நிற்கவில்லை. 1950களில் நேட்டோ நாடுகள் 7.62 மி.மீ. தோட்டாவுக்குப் போயின. அது .308 வின்செஸ்டரின் இரட்டைப் பிறவி. கேரண்ட் அதுவரை சுட்ட பழைய .30 தோட்டாவான .30-06-க்கும் அதற்கும் குண்டின் விட்டம் ஒன்று, அடி விளிம்பு ஒன்று, கூட்டின் நீளத்தில் மட்டும் 12 மி.மீ. வித்தியாசம். அமெரிக்கக் கடற்படை தன்னிடம் இருந்த கேரண்டுகளை மாற்ற எளிய வழி ஒன்றைப் பிடித்தது. அறையின் முன்பகுதியில் ஒரு சின்ன உறையைச் செருகி அதன் நீளத்தைக் குறைத்தார்கள். பார்க்க அழகான யோசனை. ஆனால் சுடும்போது சில துப்பாக்கிகளில் அந்த உறை கழன்று வெற்றுக் கூட்டோடு வெளியே வந்து விழுந்தது. விழுந்ததைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், அது தன்னைவிட நீளமான அறைக்குள் வெடிக்கும். கடைசியில் உறையை விட்டுவிட்டுப் புதிய குழல்களே போட்டார்கள். பழைய தோட்டா கிளிப் தவறியும் உள்ளே போகாதபடி, தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசினில் ஒரு அடைப்புத் துண்டும் வைத்தார்கள். எனக்கு இந்த முழுக் கதையில் மிகவும் பிடித்தது அந்த அடைப்புத் துண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னபோது, “நம்முடையதில் உறை வேண்டாம், புதுக் குழலே போடுவோம்” என்றார். ஆள் உறுதியாக இருந்தார். நானும்தான். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் பார்த்தது, அறையின் பின்வாயை அடைத்துப் பூட்டும் போல்ட் தாங்குமா என்பதை. தோட்டா வெடிக்கும்போது கூட்டின் அடி பின்னால் அறைகிறது. அதைத் தாங்குவது போல்ட். அழுத்தத்தைக் கூட்டின் அடிப்பரப்பால் பெருக்கினால் தோராயமாக அந்த விசை கிடைக்கும். .308-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வெளிவிட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 4,900 கிலோ எடை போல்ட்டை இடிப்பதற்குச் சமம். .450 புஷ்மாஸ்டர் உருவத்தில் தடியன், ஆனால் அதன் உச்ச அழுத்தம் 38,500 தான். கணக்கில் சுமார் 3,400 கிலோ வந்தது. பழைய போல்ட்டுக்குச் சுமை குறைகிறது! பெரியவர் மேசையைத் தட்டினார்.

அந்தத் தோட்டா ஏன் இவ்வளவு தணிந்த அழுத்தத்தில் இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அது ஏஆர்-15 என்கிற இலகுவான அரைத் தானியங்கி ரைபிள் வகைக்காகவே செய்யப்பட்டது. டிம் லெஜென்ட்ரே என்பவர் .45 புரொஃபெஷனல் என்ற பெயரில் உருவாக்கியதை, ஹார்னடி நிறுவனம் செம்மைப்படுத்தி 2007-ல் .450 புஷ்மாஸ்டராகக் கொண்டுவந்தது. ஏஆர்-15-ன் போல்ட் .223 என்கிற ஒல்லித் தோட்டாவுக்காகச் செய்தது. .223-ன் அழுத்தம் 55,000, அடி சிறியது. அதே கணக்கில் சுமார் 2,800 கிலோ. அதே போல்ட்டின் முகத்தைக் குடைந்து அகலமாக்கித் தடித்த தோட்டாவைப் பிடிக்கச் செய்யும்போது, சுமை கூடுகிறது, சுற்றியிருக்கும் இரும்பு மெலிகிறது. ஆகவே அழுத்தத்தை அடக்கியே வைக்க வேண்டியிருந்தது. ஒரு தோட்டா தனக்கான துப்பாக்கியின் பலவீனத்தையும் சேர்த்துத்தான் பிறக்கிறது.

கைமுறை போல்ட் துப்பாக்கியாக இருந்திருந்தால் எங்கள் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். .308 போல்ட் துப்பாக்கியில் .450 குழலைப் போட்டு அறையில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள தூரமான ஹெட்ஸ்பேஸை கேஜ் வைத்துச் சரிபார்த்து எத்தனையோ பேர் அழகாக வேட்டையாடுகிறார்கள். ஏனென்றால் அங்கே கூட்டை இழுப்பதும் அடுத்ததைத் தள்ளுவதும் மனிதக் கை. கை சூழ்நிலைக்குத் தக்கபடி இழுக்கும். இறுக்கமாக இருந்தால் கூடுதல் பலம் போடும், அழுத்தம் முழுதாகத் தணிந்த பிறகுதான் திறக்கும். அரைத் தானியங்கியில் அந்தக் கையின் இடத்தில் இருப்பது நேரக் கணக்கு.

இதை எஞ்சின்காரனாக எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் சுமார் ஒரு மில்லிசெகண்ட், கூடப்போனால் ஒன்றரை. 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் கிராங்க் 36 டிகிரி திரும்பும் நேரம் அது. குண்டு பாதி வழியில் ஒரு சிறு துளையைத் தாண்டும். தாண்டிய நொடியிலிருந்து, பின்னால் வரும் சூடான வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகப் பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். குண்டு குழலைவிட்டு வெளியேறியதும் அழுத்தம் விழும், தள்ளுவதும் நிற்கும். துளைக்கும் குழல் வாய்க்கும் இடையே குண்டு கடக்கும் அந்தச் சிறு இடைவெளியில் பிஸ்டனுக்குக் கிடைத்த உந்துதல்தான் மிச்ச வேலை அத்தனைக்கும் முதலீடு. போல்ட் சுழன்று பூட்டு விடுபட வேண்டும், கூட்டை இழுக்க வேண்டும், தூக்கி எறிய வேண்டும், ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். உந்துதல் அதிகமானால் கூடு இன்னும் அறைச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே போல்ட் இழுக்கும். விளிம்பு கிழியும், உள்ளுறுப்புகள் ஒவ்வொரு சுடுதலிலும் அடிவாங்கும். குறைந்தால் போல்ட் பாதியில் நின்று, அடுத்த தோட்டா குறுக்கே மாட்டும்.

தோட்டாவை மாற்றாமல் அதற்குள் இருக்கும் வெடிமருந்தை மட்டும் மாற்றினாலே இந்தக் கணக்கு குலையும். கேரண்டில் வாயுத் துளை குழல் வாய்க்கு அருகில் இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால் குண்டு அங்கே வரும்போதும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். போல்ட்டை நகர்த்தும் நீளமான இயக்கத் தண்டு வளைந்துவிடும். கேரண்ட் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கை இது.

எங்கள் துப்பாக்கிக்கு வருகிறேன். .450-க்கான குழல் உட்துளையின் பரப்பு .308-ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். குண்டு ஓர் அங்குலம் முன்னேறினால் அதன் பின்னால் இருக்கும் இடம் இரண்டு மடங்கு வேகத்தில் விரிகிறது. அழுத்தம் அத்தனை வேகமாக விழுகிறது. வழக்கமான 250 கிரெய்ன் குண்டு, அதாவது 16 கிராம், .308-ன் 150 கிரெய்ன் குண்டைவிட மெதுவாக நகரும். பழைய வாயுத் துளை இருந்த தூரத்திலேயே புதுத் துளை போட்டால் அங்கே வரும் அழுத்தம் எவ்வளவு? அந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டாவில் யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை. சின்னதாகத் துளைத்து, சுட்டுப் பார்த்து, கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி சுட்டுப் பார்த்துத்தான் போக வேண்டும். துளையைப் பெரிதாக்கலாம்; சிறிதாக்க முடியாது.

அடுத்து குழலின் கனம். பழைய குழலின் நடுப்பகுதியில் வெளிவிட்டம் 16.5 மி.மீ. இருந்தது. .308-க்கு அது நாலு மில்லிமீட்டருக்கு மேல் சுவர். அதே வெளிவிட்டத்தில் .450 துளை போட்டால் சுவர் இரண்டரைதான் மிஞ்சும். அழுத்தம் குறைவுதான், ஆனாலும் வாயுத் துளை போட்ட இடத்தில் அந்த மெலிவை நான் விரும்பவில்லை. தடித்த குழல் போட்டால் வாயு உறுப்பு பொருந்தாது. முன்கட்டையைக் குடைய வேண்டும். அவருடைய அப்பாவின் கை பட்ட வால்நட் கட்டை அது. பெரியவர் அன்று முதல் முறையாகப் பேசாமல் இருந்தார்.

மேகசினும் ஒத்துவரவில்லை. .450-ன் அடி விளிம்பு 12 மி.மீ. என்றேனே, அதன் உடம்பு 12.7. விளிம்பு உடம்பைவிடச் சிறுத்து உள்ளடங்கி இருக்கிறது. மேகசினிலிருந்து தோட்டாவைத் தள்ளும் போல்ட்டுக்குப் பிடி அந்த விளிம்புதான். மேகசின் உதடுகள் தோட்டாவைச் சரியான உயரத்தில் தூக்கிக் கொடுக்காவிட்டால் போல்ட் அதன்மேல் வழுக்கிப் போகும். எங்களிடம் இருந்ததோ கழுத்து சிறுத்த நீளத் தோட்டாவுக்காக வளைத்த உதடுகள். இன்னொன்று, .308 அறைக்குள் தன் தோளில் சாய்ந்து நிற்கும். நேர்ச்சுவர்த் தோட்டாவுக்குத் தோள் கிடையாது. .450 தன் கூட்டின் வாய் விளிம்பில், காகித அட்டை கனமுள்ள ஒரு பித்தளை வட்டத்தில் நிற்கிறது. அறையில் அதற்கு எதிரே வெட்டும் படி கூர்மையாக இருக்க வேண்டும். இது லேத்தில் செய்யக்கூடிய வேலைதான். ஒவ்வொன்றும் செய்யக்கூடியதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே மில்லிசெகண்டில் ஒத்துழைக்க வேண்டும்.

அக்டோபரில் ஆன் ஆர்பருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் துப்பாக்கிப் பட்டறைக்குப் போனோம். உரிமம் பெற்ற பட்டறை. நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி, அப்பாவிடமிருந்து தொழில் கற்றவர். எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் படித்தார். கணக்குத் தப்பில்லை என்றார். பிறகு ஒரு .308 தோட்டாவையும், சுவரில் மாட்டியிருந்த .450 அறையின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

நாங்கள் யோசிக்கவே இல்லாத விஷயம். .308-ன் தோள் அடியிலிருந்து 39.6 மி.மீ.-ல் சரியத் தொடங்குகிறது, கழுத்து 43.5-ல் தொடங்குகிறது. .450 அறையின் ஆழம் ஏறத்தாழ 43. அதாவது .308-ன் தடித்த உடம்பு முழுவதும் அறைக்குள் அடங்கிவிடும், கழுத்தும் குண்டும் குழலின் அகன்ற துளைக்குள் போய்விடும். வரைபடத்தின்படி, .308 தோட்டா அந்த அறைக்குள் உட்கார்ந்து போல்ட்டை மூடவும் விடும். சுட்டால் கூட்டைச் சுற்றித் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

“அறையை நான் வெட்டித் தருவேன். குழல்மேல் புது எண்ணைப் பொறித்தும் தருவேன்” என்றார் அந்தப் பெண்மணி. “ஆனால் துப்பாக்கியின் உடம்பில், ரிசீவரில், உங்கள் அப்பா காலத்திலிருந்து 308 என்று பொறித்திருக்கிறது. வீட்டில் எத்தனை பெட்டி .308 தோட்டா இருக்கிறது?”

பெரியவர் விரல்விட்டு எண்ணினார். “பதினொன்று.”

“உங்களுக்குப் பிறகு இதை எடுக்கப் போகிறவர் எந்தப் பெட்டியைத் திறப்பார்?”

இது கற்பனை பயமில்லை. 2011-ல் தரப்படுத்தப்பட்ட .300 பிளாக்அவுட் தோட்டா, ஏஆர்-15-ல் குழலை மட்டும் மாற்றினால் போதும் என்ற வசதிக்காகவே செய்யப்பட்டது. அதே போல்ட், அதே மேகசின். அந்த வசதியே ஆபத்தாகவும் ஆனது. .300 தோட்டா தவறிப்போய் .223 அறைக்குள் ஏறி, குண்டு உள்ளே அமுங்கி, பூட்டு விழுந்து, சுட்டவுடன் துப்பாக்கி பிளந்த சம்பவங்கள் நிறைய. அதனால்தான் இரண்டையும் வைத்திருப்பவர்கள் மேகசினில் வண்ணப் பட்டை ஒட்டுகிறார்கள், ஒரே மேசையில் இரண்டையும் வைப்பதில்லை. கடற்படை தன் கேரண்டுகளில் வைத்த அந்த அடைப்புத் துண்டு எனக்கு ஏன் பிடிக்கும் என்று இப்போது புரிந்திருக்கும். மாற்றிய எவனோ தனக்குப் பிறகு வரப்போகும், களைத்த, இருட்டில் தடவும் ஒரு சிப்பாயை நினைத்துப் பார்த்திருக்கிறான். எங்கள் தாள்களில் அடைப்புத் துண்டே இல்லை. எங்கள் இருவரையும் தவிர வேறு மனிதரே இல்லை.

திரும்பி வரும் வழியில் பெரியவர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே அறுத்த சோள வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். தெற்கில் வேட்டையாட .450-ல் செய்த புதுத் துப்பாக்கியே வாங்கலாம், விலையும் மாற்றும் செலவைவிடக் குறைவு என்று நான் சொன்னேன். உண்மைதான் என்றார். ஆனால் அவருக்கு வேண்டியது வயலில் ஒரு மான் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் துப்பாக்கியோடு இன்னொரு நவம்பர் வேண்டும். மூன்று மாதம் நான் தோட்டாவை அளந்துகொண்டிருந்தேன்; ஒரு முறைகூட, “நான் கார் ஓட்டுகிறேன், வடக்கே போகலாமா?” என்று கேட்கவில்லை.

அன்றிரவு போய்க் கேட்டேன்.

மிச்சிகனில் துப்பாக்கி மான் வேட்டை எந்தக் கிழமையாக இருந்தாலும் நவம்பர் 15-ல்தான் தொடங்கும். 13-ஆம் தேதி கிளம்பினோம். மேல் தீபகற்பத்தை இணைக்கும் மேக்கினாக் பாலம் வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். 8 கிலோமீட்டர் நீளம்; 1957-ல் திறந்தபோது அப்பாவோடு முதல் வாரத்திலேயே கடந்ததாகச் சொன்னார். அதற்கு முன்பு படகுக்காகக் கார்கள் மைல்கணக்கில் வரிசையில் நிற்குமாம். பாலத்தின்மேல் காற்று காரை உலுக்கியது. பின்சீட்டில் பூட்டிய பெட்டிக்குள், மாற்றப்படாத .308.

14-ஆம் தேதி மதியம், தொலைநோக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மணல் சரிவில் மூன்று தோட்டா சுட்டார். காதடைப்பைப் போட்டுக்கொண்டு நான் அவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால் நின்றேன். இத்தனை வருடம் அந்தத் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதற்குள் நடப்பது எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. குண்டு துளையைத் தாண்டுவது, பிஸ்டன் நகர்வது, பூட்டு சுழல்வது, கூடு பிரிவது. மூன்று கூடுகளும் பனியில் ஒன்றுக்கொன்று ஒரு அடிக்குள் விழுந்து, விழுந்த இடத்தில் சின்னக் குழி உருக்கிக்கொண்டு ஆவி விட்டன.

கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றையும் பொறுக்கினேன். விளிம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பட்ட இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். கிழிசல் இல்லை, நெளிவு இல்லை. அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு அருகில் பிடித்து, பட்டறையில் வேலையை ஒப்புக்கொள்ளும் ஆள் போல ஒவ்வொன்றாகப் பார்த்து, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.